அகர வரிசையில் ஒரு பிரேக்

சிக்கனம் கடைப்பிடிக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எங்கள் நீர் வழங்கல் அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. அதனால் நாங்கள் ஒரு சொகுசுக் கார் வாங்கினோம்.

இதில் முரண்பாடு ஏதும் கிடையாது. "எந்த அலுவலகமும் புதிய சொகுசுக் கார் வாங்குதல் கூடாது" என்பது சுற்றறிக்கையின் வாசகம். எங்கள் கண்காணிப்பாளர் அதை மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை 'புதிய' என்ற சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு, கோப்பை இயக்குநரின் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். இருபது வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் அந்தக் கோடு போட வரும்.

வந்தது பதினோரு வயதான கறுப்பு வண்டி. மூன்று கை மாறியது. முதலில் ஒரு நகைக்கடைக்காரர், பிறகு அவர் மருமகன், பிறகு விலாசம் தெரியாத ஒருவர். இயக்குநர் அதன் பின்கதவை நான்கு முறை திறந்து மூடினார். சத்தமே வரவில்லை. "நல்ல வண்டி" என்றார். பரிசோதனை அத்துடன் நிறைவுற்றதாக நான் குறிப்பு தட்டச்சு செய்தேன். அந்த அலுவலகத்தில் நான் தட்டச்சர். இந்தக் கதையில் வரும் காகிதங்கள் எல்லாம் என் விரல் வழியாகப் போனவை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

வண்டியை ஓட்ட வேண்டியவர் எங்கள் ஓட்டுநர். ஐம்பத்து மூன்று வயது, ஒல்லியான ஆள், அதிகம் பேசமாட்டார். இருபத்தாறு வருடத்தில் அலுவலக வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. முதல் நாள் அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தவர், வாசலில் நிறுத்துவதற்குப் பதிலாகத் தோட்டத்துச் செம்பருத்தி வேலிக்குள் நிறுத்தினார். இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக மெக்கானிக் அக்காவின் பட்டறைக்கு ஆள் அனுப்பினார்.

மெக்கானிக் அக்கா எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருப்பவர். வண்டிக்கு அடியில் படுத்து, அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தார். சக்கரத்துக்குள் இருந்து கழற்றிய பிரேக் கட்டையை ஓட்டுநரின் கையில் வைத்தார். அது பிஸ்கட் கனத்துக்குத் தேய்ந்திருந்தது.

"நாலு தடவை மிதிச்சா ஒரு தடவை கேக்கும்" என்றார். "அந்த ஒரு தடவை எதுன்னு உங்களுக்கும் தெரியாது, வண்டிக்கும் தெரியாது. பழைய வண்டி வாங்கினா முதல்ல நிக்குதான்னு பாக்கணும், அப்புறம்தான் ஓடுதான்னு பாக்கணும்."

ஓர் அட்டைப் பெட்டியைக் கிழித்து அதன் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். முதலில் பிரேக். இரண்டாவது டயர். மூன்றாவது பெல்ட். நான்காவது எண்ணெய் மாற்றுவது. வரிசையை மட்டும் மாற்றாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

அட்டையைக் கண்காணிப்பாளர் விரல் நுனியால் வாங்கிக்கொண்டார். அரசு வாகனத்தின் பராமரிப்பு முன்னுரிமையை ஒரு பட்டறைக்காரி அட்டையில் எழுதித் தீர்மானிக்க முடியாது, அதற்கு ஒரு குழு வேண்டும் என்றார். மறுநாளே வாகனப் பராமரிப்பு முன்னுரிமைக் குழு அமைக்கப்பட்டது. இயக்குநர் தலைவர், கண்காணிப்பாளர் செயலாளர். சிறப்பு அழைப்பாளராக இயக்குநரின் மச்சான் சேர்க்கப்பட்டார். அவர் திரைச்சீலைக் கடை வைத்திருக்கிறார். காருக்குள்ளும் ஜன்னல் இருக்கிறது என்பதால் அவருடைய அனுபவம் தேவைப்படும் என்று குறிப்பில் காரணம் காட்டப்பட்டது.

குழு கூடியபோது நான் மூலையில் உட்கார்ந்து எழுதினேன். அக்காவின் நான்கு வேலைகளோடு மச்சான் எட்டு வேலைகளைச் சேர்த்தார். ஜன்னலுக்குத் திரை, இருக்கைக்கு உறை, முன்னால் கொடிக் கம்பி, உள்ளே ஒரு நறுமணப் புட்டி, இப்படி. மொத்தம் பன்னிரண்டு. மாதத்துக்கு ஒரு வேலைக்குத்தான் அனுமதி என்பது விதி. எதை முதலில் செய்வது என்பதில் இயக்குநருக்கும் மச்சானுக்கும் கொடிக் கம்பி குறித்துக் கருத்து வேறுபாடு வந்தது. அப்போது கண்காணிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"இது முக்கியம், அது முக்கியமில்லைன்னு நாம முடிவு பண்ணா, நாளைக்குத் தணிக்கைக்காரன் ஏன்னு கேப்பான். அகர வரிசையில போட்டுடலாம் ஐயா. அ-வுக்கு அப்புறம் ஆ ஏன் வருதுன்னு இதுவரைக்கும் எந்தத் தணிக்கையிலும் கேட்டதில்ல."

இயக்குநர் அவரை வாஞ்சையுடன் பார்த்தார். பொருள்களுக்கிடையே பாரபட்சம் காட்டாத ஒரே முறை இதுதான் என்று தீர்மானம் நிறைவேறியது. அலங்கார விளக்கு முதலிடம் பெற்றது. கண்காணிப்பாளர் அடுத்ததாக இருக்கை உறையைச் சொன்னார். நான் எழுந்து நின்று, இசைப்பெட்டிதான் முன்னால் வர வேண்டும், ச-வுக்குப் பிறகுதான் ர என்று பணிவுடன் சுட்டிக்காட்டினேன். குழு என்னைப் பாராட்டியது. அந்தப் பாராட்டில் நான் இரண்டு நாள் மிதந்துகொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்.

பிரேக் பதினோராவது இடத்தில், நறுமணப் புட்டிக்கு அடுத்து வந்தது. பெல்ட் பன்னிரண்டாவது.

ஓட்டுநர் பட்டியலைப் படித்துவிட்டு, வண்டியை எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மாலைக்குள் அவருக்கு ஒரு குறிப்பாணை போனது. அதன் சாரம் இது: ஓட்டுநரின் நியமன ஆணையில் 'வாகனம் ஓட்டுதல்' என்பதே பணியாகக் குறிக்கப்பட்டுள்ளது. 'வாகனம் நிறுத்துதல்' எங்கும் குறிக்கப்படவில்லை. ஆகவே நிறுத்த முடியாது என்பதைக் காரணம் காட்டி ஓட்ட மறுப்பது பணியில் கவனக்குறைவாகக் கருதப்படும்.

இருபத்தாறு வருடப் பணி. இன்னும் சில வருடம் ஓட்டினால் ஓய்வூதியம் முழுதாக வரும். அவர் மனைவி தையல்காரர், கண் பார்வை மங்கத் தொடங்கியிருந்தது. ஓட்டுநர் குறிப்பாணையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, மறுநாள் வண்டியை எடுத்தார்.

எப்படி ஓட்டினார் என்றால், நடந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன கியரில் போட்டுவிட்டு, ஓரமாக, மேடு எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து உருட்டினார். நிற்க வேண்டிய இடத்துக்கு நூறு அடி முன்பே கைப்பிரேக்கை இழுக்க ஆரம்பிப்பார். பள்ளத்துத் தெருக்களை ஒதுக்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். தினமும் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி ஊசியில் நூல் கோத்தபடியே, "இன்னிக்கு எந்த எழுத்துல நிக்கிறாங்க?" என்று கேட்பார். "இ-யிலதான்" என்று இவர் சொல்வார்.

வழி சொன்னது மெக்கானிக் அக்காதான். பிரேக் என்ற பெயரில்தானே ப வருகிறது, பெயரை மாற்றினால் ஆயிற்று என்றார். "காலால அமுக்குறது தானே? அமுக்குக் கட்டைன்னு எழுதிக் குடுங்க. அலங்கார விளக்குக்கே முன்னாடி வந்துடும்."

ஓட்டுநர் என்னிடம் வந்தார். நானே மனுவைத் தட்டச்சு செய்து கொடுத்தேன். கண்காணிப்பாளர் அதை நீண்ட நேரம் பார்த்தார். ம, ல-வுக்கு முன்னால்தான் வருகிறது. மறுக்க வழியில்லை. ஆனால் அமுக்குக் கட்டை என்றொரு பொருள் உண்டா என்பதைத் தெளிவுபடுத்துமாறு கேட்டு, கோப்பை மொழிப் பிரிவுக்கு அனுப்பிவைத்தார்.

மொழிப் பிரிவின் பதில் மூன்றாவது மாதம் வந்தது. அதற்குள் வண்டியில் அலங்கார விளக்கு எரிந்தது, இசைப்பெட்டி பாடியது, இருக்கைகளுக்கு மெத்தென்று உறை போட்டாகிவிட்டது. முன்னிருக்கைகளின் முதுகில், பின்னால் உட்காருபவர் பார்த்துப் பெருமைப்படும்படி, அலுவலக முத்திரையைப் பித்தளையில் செய்து பதித்திருந்தார்கள். மொழிப் பிரிவு எழுதியிருந்தது: 'அமுக்குக் கட்டை' கொச்சைச் சொல்லாதலால் ஏற்பதற்கில்லை. 'பிரேக்' பிறமொழிச் சொல்லாதலால் அதுவும் ஏற்பதற்கில்லை. மேற்படி பொருளை இனி 'வேகவிலக்கி' என்றே வழங்குதல் வேண்டும்.

இப்படியாகப் பதினோராவது இடத்தில் இருந்த பிரேக், வ-வுக்கு நகர்ந்து பன்னிரண்டாவது இடத்துக்குப் போயிற்று.

அதே கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது. தமிழில் எந்தச் சொல்லும் ட என்ற எழுத்தில் தொடங்காது, எனவே 'டயர்' என்பது இலக்கணப்படி சாத்தியமில்லை, அதை 'உருளைப் பட்டை' என்க என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதாவது இடத்தில் இருந்த டயர் ஒரே தாவில் நான்காவது இடத்துக்கு வந்து, அடுத்த மாதமே புதிதாக மாற்றப்பட்டது. டயருக்காவது நேரம் நன்றாக இருக்கிறதே என்றார் ஓட்டுநர். அவர் அதை வருத்தத்தில் சொன்னாரா சந்தோஷத்தில் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இதற்கிடையில் ஊரில் ஒரு மாற்றம் நடந்துகொண்டிருந்தது.

முதல் வாரம் இயக்குநர் வண்டிக்குள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். மாட்டு வண்டியை விட மெதுவாகப் போகிறதே என்று ஓட்டுநரை வைதார். ஆனால் போகப்போக அவர் ஒன்றைக் கவனித்தார். கார் இவ்வளவு மெல்லப் போவதால், ஓரத்தில் இருப்பவர்கள் அதை வெகுநேரம் பார்க்க வேண்டியிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாமல் ஒரு வணக்கம் வைத்தார்கள். கடைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அதோடு, முந்த வழியில்லாமல் பின்னால் முப்பது நாற்பது வண்டிகள் ஊர்ந்து வந்தன. தூரத்திலிருந்து பார்த்தவர்கள் அத்தனையும் அவருடைய பரிவாரம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒரு கூட்டத்தில் மின் வழங்கல் அலுவலகத் தலைவர் இவரைத் தனியே கூப்பிட்டு, வண்டி ஏன் இப்படிப் போகிறது என்று விசாரித்தார். "வேகம்கிறது கீழ்மட்டத்துல இருக்கிறவங்களுக்கு" என்றார் எங்கள் இயக்குநர். நிதானமாக, தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார். மறுநாளிலிருந்து மின் வழங்கல் தலைவரின் காரும் ஊர்ந்தது. அதில் பிரேக் நன்றாகவே இருந்தது, ஆனாலும் ஊர்ந்தது. அடுத்த மாதம் கல்லூரி முதல்வர், வங்கி மேலாளர், இரண்டு பெரிய மருத்துவர்கள். திருமண ஊர்வலங்கள்கூட அதைவிடச் சுறுசுறுப்பாகப் போயின. கூட்டங்களுக்குக் கடைசியாக வந்து சேர்பவரே பெரியவர் என்று ஆகிவிட்டதால், ஒருவரும் முதலில் வரத் தயாராக இல்லை. சில கூட்டங்கள் நடந்ததாக நானே குறிப்பு மட்டும் தட்டச்சு செய்தேன்.

பாதசாரிகளுக்கும் இது பழகிவிட்டது. பெரிய கார் வருகிறது என்றால் தாராளமாகக் குறுக்கே நடந்தார்கள். அது வந்து சேர நேரமாகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஆறாவது மாதம் எண்ணெய் மாற்றும் முறை. வண்டி ஒரு பகல் முழுக்க அக்காவின் பட்டறையில் நின்றது. சாயங்காலம் ஓட்டுநர் வந்து வண்டியை எடுத்து, பழக்கத்தில் கைப்பிரேக்கில் கை வைத்துக்கொண்டே, சும்மா கால் மிதியை மிதித்தார். வண்டி அந்த இடத்திலேயே நின்றது. அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். அக்கா கையைக் கந்தலில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு எந்த எழுத்து வந்தாலும் ஒண்ணுதான்" என்றார். "இந்த ரோட்டுலதான் என் பொண்ணு நடந்து வர்றா. அது போதும்."

ஓட்டுநர் யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகம் வராமலிருக்க முன்போலவே உருட்டிக்கொண்டு போனார். ஆனால் அன்று வீட்டில் இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டதாக அவர் மனைவி பிற்பாடு என்னிடம் சொன்னார்.

ஒன்பது நாள் கழித்து, மேலிடத்துப் பெரியவர் ஒருவர் முன்னறிவிப்பில்லாமல் எங்கள் அலுவலகத்தைப் பார்வையிட வந்துகொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. இயக்குநர் அப்போது ஊரின் மறுகோடியில் இருந்தார். தன்னைவிடப் பெரியவர் வரும்போது கடைசியாக வருவது வேறு அர்த்தம் ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வேகமாகப் போ, பள்ளத்துத் தெரு வழியாகவே போ என்றார். ஓட்டுநர் போனார்.

சரிவின் பாதியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குடையை விரித்துக்கொண்டு நடைபாதையிலிருந்து இறங்கினார். பெரிய கறுப்புக் கார் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். எதிர்ப்பக்கக் கடையில் என்ன வாங்கலாம் என்று யோசித்தபடி, பாதி ரோட்டில் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

ஓட்டுநர் மிதித்தார். கார் குடைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. இயக்குநரின் நெற்றி முன்னிருக்கையின் பித்தளை முத்திரையில் போய் இடித்தது.

பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது.

"எப்படி நின்னுச்சு?"

"பிரேக் பிடிச்சேன் ஐயா."

"பிரேக்கா?" இயக்குநர் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டார். "நாம இன்னும் எ-வுலதானே இருக்கோம்?"

அன்று பார்வையிட வந்த பெரியவர் முன்னால், எங்கள் இயக்குநர் நெற்றியில் அலுவலக முத்திரை இடவலம் மாறிப் பதிந்தபடி நின்றார். இவ்வளவு ஈடுபாடுள்ள அதிகாரியைத் தான் கண்டதில்லை என்று பெரியவர் பார்வையாளர் புத்தகத்தில் எழுதிவிட்டுப் போனார். ஆனாலும் விசாரணை நடக்காமல் இருக்க முடியாது.

விசாரணை அதிகாரி கண்காணிப்பாளர். குற்றச்சாட்டுகள் மூன்று: அனுமதி பெறாத வேகவிலக்கி ஒன்றை அரசு வாகனத்தில் வைத்திருந்தது, பெல்ட் உள்ளிட்ட ஐந்து பொருள்களின் முறையை மீறி அதைப் பயன்படுத்தியது, அதன்மூலம் முதல்நிலை அதிகாரி ஒருவருக்குக் காயம் விளைவித்தது. மெக்கானிக் அக்கா சாட்சியாக வந்து, பொருத்தியது நான்தான், அவருக்குத் தெரியாது என்றார். வண்டி ஓட்டுபவருக்குப் பிரேக் இருப்பதே தெரியாது என்பது இன்னும் பெரிய கவனக்குறைவு என்று அது பதிவாயிற்று.

ஆசிரியையும் வந்தார். ஓட்டுநர் அவரைத்தான் நம்பியிருந்தார். நானும்தான். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கார் நின்றதால்தான் தான் உயிரோடு இருப்பதாக ஒப்புக்கொண்டார். ஆனால், அப்பேர்ப்பட்ட கார் அவ்வளவு வேகமாக வந்ததைத் தன்னால் மன்னிக்க முடியவில்லை என்றும், பெரிய மனிதர்களின் வண்டிக்கு ஒரு கௌரவம் வேண்டாமா என்றும் கேட்டார்.

தீர்ப்பை நான் தட்டச்சு செய்தேன். பிரேக் இல்லாமல் வாகனம் ஓடிய ஐந்து மாதம் இருபது நாளில் காயமடைந்தோர்: இல்லை. பிரேக்குடன் ஓடிய ஒன்பது நாளில் காயமடைந்தோர்: ஒருவர். ஆகவே மேற்படி வேகவிலக்கி ஆபத்தான பொருள் என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. அதைக் கழற்றி, அரக்கு முத்திரையிட்டு, பொருள் வைப்பறையில் பாதுகாக்க ஆணையிடப்படுகிறது. கழற்ற முடியாது என்று அக்கா கையை விரித்துவிட்டதால் வேறு பட்டறையிலிருந்து ஆள் வந்தது.

ஓட்டுநரின் பணிப் பதிவேட்டில், இருபத்தாறு வருடமாக 'இல்லை' என்று நான் அடித்துவந்த கட்டத்தில், 'ஒன்று' என்று அடித்தேன். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்து கோணலா இருக்கு" என்றார். தாளை நேராகச் சொருகவில்லை, அதனால்தான். வேறு தாள் போட்டு மறுபடி அடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதில் நான் கையெழுத்துப் போடப் போவதில்லை என்றார். அன்று மாலையே விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். ஓய்வூதியம் குறையும் என்று மனைவியிடம் சொன்னபோது, அந்த அம்மாள் தையல் மிஷினை நிறுத்தாமலேயே, குறைந்தால் நான் இன்னும் நாலு ரவிக்கை தைக்கிறேன், எனக்குப் புருஷன் குறையாமல் இருந்தால் சரி என்றாராம்.

வழியனுப்பு விழாவில் எல்லோரும் அவரைப் புகழ்ந்தோம். கண்காணிப்பாளர் கண்கலங்கினார். ஓட்டுநரின் இடத்துக்கு இயக்குநரின் மச்சானுக்குத் தெரிந்த ஒருவர் நியமிக்கப்பட்டார். நேர்முகத் தேர்வில், இதற்கு முன் பிரேக் வைத்த வண்டி ஓட்டிய அனுபவம் இல்லை என்று அவர் சொன்னதே அவருக்குச் சாதகமாக அமைந்தது.

ஓட்டுநர் இப்போது மெக்கானிக் அக்காவின் பட்டறையில் இருக்கிறார். வேலை முடிந்த வண்டிகளை ஓட்டிப் பார்த்துச் சொல்வது அவர் பொறுப்பு. பட்டறைக்கு வேலை குவிகிறது, ஏனென்றால் ஊரில் எல்லோரும் பழைய சொகுசுக் கார் வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். சம்பளத்துக்கு மேல் கடன் வாங்கி, போன மாதம் நானும் ஒன்று வாங்கினேன். வெள்ளை நிறம். பின்கதவு சத்தமில்லாமல் மூடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓட்டுநர் சுற்றிவந்து பார்த்தார். குனிந்து சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தார். நிமிர்ந்து, என்ன வேலை முதலில் பார்க்கலாம் என்று கேட்டார். ஜன்னலுக்குத் திரை போட்டுவிடலாம், மற்றதெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

அவர் நோட்டை எடுத்துத் திரைக்கென்று இருந்த பக்கத்தைத் திறந்தார். எனக்கு முன்னால் பதினோரு பேர் இருந்தார்கள். பத்துப் பேர் எங்கள் அலுவலகம். பதினோராவது அந்த ஆசிரியை, பூப்போட்ட துணி கேட்டிருந்தார். எனக்குக் கீழே எழுதுவதற்கு நிறைய இடம் விட்டுவிட்டு, ஓட்டுநர் நோட்டை மூடினார்.

அவர் வீட்டுக்கு நடந்துதான் போகிறார். நடைபாதையில் அவசரமில்லாமல், இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போவார். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் ஓடுகிறார்.